இருக்கைக்கு அடியில் வந்த சத்தம்

கற்பிட்டிக் கடற்கரை ஹோட்டல் ஒன்றில் மெஷின் திருத்துபவன் நான். யுத்தம் முடிந்து வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்கியபோது, உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி ஒன்று வந்தது. மனேஜர் அதைக் கரைத்தீவிலிருந்து புதிதாக வந்த நிஸ்தாரிடம் கொடுத்தார். எனக்கு வயிறெரிந்தது. திருத்தவும் பழகிவிடுவானோ என்று, என் பெரிய ஸ்பானரை அந்த இருக்கைக்கு அடியிலேயே ஒளித்தேன். தான் உட்காரும் இடத்தில் எவன் தேடுவான்?

அன்றிலிருந்து மெஷினில் கடகடவென்று சத்தம். ஸ்பானரை எடுத்து, கழற்றிப் பூட்டி, நான் ஓட்டிப் பார்த்தால் சத்தமே இருக்காது. ஸ்பானரைத் திரும்ப ஒளித்து, அவன் ஓட்டினால் வந்துவிடும்.

"இவன் ஓட்டுற விதம் சரியில்ல சேர்," என்று மனேஜரிடம் மூன்று முறை சொன்னேன். அதை நானே நம்பவும் செய்தேன்.

ஒருநாள் சத்தம் நின்றுவிட்டது. மனேஜர் கேட்டதற்கு நிஸ்தார் என்னைக் காட்டி, "இந்த நானாதான் சேர் திருத்தினாரு," என்றான். எங்கள் பக்கம் அண்ணனை நானா என்போம்.

நான் தொடவே இல்லையே! மதியம் அவன் லுஹர் தொழப் போனதும் இருக்கைக்கு அடியில் கைவிட்டேன். ஸ்பானர் அதே இடத்தில் இருந்தது. வெயிலுக்கு அவன் தலையில் கட்டும் துண்டை அதில் இறுக்கிச் சுற்றியிருந்தான். இத்தனை நாளும் தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது என் ஸ்பானர்தான்.

அவனிடத்தில் நான் இருந்திருந்தால், அந்த ஸ்பானரை நேரே மனேஜரின் மேசையில் கொண்டுபோய்ப் போட்டிருப்பேன். அதை நினைத்தால் இன்றும் அவன்மேல் எனக்குப் பொறாமைதான்.