சில்க் போர்டில் இறங்காத இருவர்

இன்று மதியம் ஷிஃப்டுக்குப் போகும்போது, பஸ்ஸில் என் பக்கத்தில் செல்வி வந்து உட்கார்ந்தாள்.

பெங்களூர் மர்பி டவுன் பள்ளிக்கூடத்தில் பத்து வருடம் ஒரே பெஞ்சு. அவள் அப்பா இறந்தபோது நான் போகவில்லை. அதோடு பேச்சு நின்றுவிட்டது.

மாஸ்க் போட்டிருந்தேன், அடையாளம் தெரியாது என்று தைரியம். தலையைக் குனிந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதில் நான் இறங்க வேண்டிய சில்க் போர்டு ஸ்டாப் போயே போய்விட்டது. பஸ் மேம்பாலத்தில் ஏறிவிட்டது. இனி எலெக்ட்ரானிக் சிட்டி வரை நிற்காது.

"நில்ஸி, நில்ஸி!" என்று கன்னடத்தில் கத்தினேன். அவளும் கூடவே கத்தினாள். கண்டக்டர் கையை விரித்தார்.

"நீங்களும் சில்க் போர்டா?" என்று யாரோ போல அவளிடம் கன்னடத்திலேயே கேட்டேன்.

"போதும்டி மஞ்சு," என்றாள் தமிழில். "பஸ்ஸு பூரா காலியா கெடக்கு. உன் பக்கத்துல எதுக்கு வந்து உக்காந்தேன்னு நெனச்ச? நீயா பேசுவேன்னு பாத்துட்டே இருந்ததுல என் ஸ்டாப்பும் போச்சு."

நான் மாஸ்க்கைக் கழற்றினேன்.

"அப்பாவுக்கு ஏன்டி வரல?"

பதில் சொல்ல ஒரு மேம்பாலம் போதவில்லை. இறங்கி, டீக்கடையில் உட்கார்ந்து மீதியைச் சொன்னேன்.

ஆபீசுக்கு ஒன்றரை மணி நேரம் லேட். சில்க் போர்டு டிராஃபிக் என்று சொன்னேன். மேனேஜர் மறுபேச்சு பேசவில்லை. பெங்களூரில் இதை நம்பாதவர்கள் யாராவது இருந்தால் கை தூக்கவும்.