பேனலில் வைத்த பொட்டு

என் வீட்டுக்காரருக்கு மூச்சே மெஷினில்தான். பஞ்சாலையில் காலமெல்லாம் தின்ற தூசி நுரையீரலில் அப்பிக்கொண்டது. ஆக்சிஜன் மெஷினின் ஒயர் எட்டும் தூரம்தான் அவருக்கு உலகம். ஒருநாள், "சாகுமுன்ன ஒருக்கா மலையடிவாரத்தப் பாக்கணும்" என்றார். "மலை எங்கயும் ஓடிராது, மொதல்ல மாத்திரையப் போடுங்க" என்று எரிந்து விழுந்துவிட்டு, அடுப்படிக்குப் போய் அழுதேன்.

இராஜபாளையத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் என் கொழுந்தன், எங்கள் லோடு வேனுக்குள் கட்டில் போட்டான். கூரையில் இரும்புச் சட்டம் வைத்து இரண்டு சோலார் பேனல்களை போல்ட் போட்டு முறுக்கினான். வெயில் இருக்கும்வரை பேட்டரி ஏறும், மெஷின் ஓடும் என்றான்.

புதிதாக எது வந்தாலும் பொட்டு வைக்காமல் நாங்கள் தொடமாட்டோம். மிக்சிக்கே வைக்கிறோம், பேனலை விடுவோமா? கொழுந்தன் சந்தனத்தைக் குழைத்துப் பட்டையாகப் பூசி, குங்குமம் வைத்து, மாலையும் கட்டினான். கீழே நாற்காலியிலிருந்து அவர், "ஏலே, நல்லா அப்புலே, சாமிக்கா கஞ்சத்தனம்?" என்று ஏவினார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி, செண்பகத்தோப்புப் பக்கம் ஒரு பொட்டலில் வண்டியை நிறுத்தினோம். கதவைத் திறந்துவைத்து அவர் மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். மண்டை பிளக்கும் வெயில். அப்படியும், பேட்டரி தீரப்போகிறதென்று இன்வெர்ட்டர் கத்தியது. கொழுந்தன் கூரையேறிப் பார்த்தான்.

"மதினி, சந்தனமும் மாலையும் வெயில மறைக்குது. ஒரு ஓரம் மறைஞ்சாலே மொத்தமும் படுத்துரும்."

"தொடச்சு எடுலே, என்ன பாத்துக்கிட்டு நிக்க?" என்றேன்.

மாலையைப் பிய்த்து எறிந்தான். குங்குமத்தில் மட்டும் கை வைக்கவில்லை. "அண்ணன் இப்படிக் கெடக்கையில நான் எப்படிப் பொட்ட அழிப்பேன்?"

நான் மட்டும் எப்படி அழிப்பேன்? எங்கள் ஊரில் ஒருத்தி பொட்டை அழிக்கிற நாள் எதுவென்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். உள்ளே அவர் உதடு நீலம்பாரித்துக்கொண்டிருந்தது.

"எறங்குலே கீழ."

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினேன். தண்ணீரை ஊற்றி முந்தானையால் தேய்த்தேன். சந்தனம் வந்துவிட்டது. குங்குமம் வரவில்லை, இழுத்த இடமெல்லாம் சிவப்பாகப் பரவியது. சாமியை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு, அழுதுகொண்டு, பேனல் கண்ணாடி வெறுமையாகும்வரை தேய்த்தேன்.

கொஞ்ச நேரத்தில் கத்தல் நின்றது. மெஷினும் நின்றுவிட்டதா, மனுசனும் போய்விட்டாரா, ஒன்றும் தெரியவில்லை. கீழே எட்டிப் பார்க்கத் தைரியமில்லாமல் கூரை ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"ஏட்டி," என்று கீழேயிருந்து குரல் வந்தது. "முந்தானைய மேல தூக்கு. மலைய மறைக்குது."