கடலில் குறித்த புள்ளி

நிரஞ்சனாவிடம் யாரும் வழி கேட்கக் கூடாது. தேக்கா சந்தைக்குப் பின்பக்கம் என்று சொன்னால் போதாதா? அட்சரேகை, தீர்க்கரேகையோடு வந்து நிற்பாள். வானிலிருந்து துணைக்கோளம் எடுத்த படங்களைப் பார்த்து, கரையோரத்தில் எது சதுப்பு, எது கட்டடம், எது கடல் என்று நிறம் பிரித்து வரைபடம் செய்வது எங்கள் வேலை. எனக்குப் பக்கத்து மேசை அவளுக்கு.

ஆறு வருடங்களுக்கு முன் கணவன் ரஞ்சன் இறந்தபோதும் அந்தத் தொழில்புத்தி அவளை விடவில்லை. கிழக்குக் கடலில் படகை நிறுத்தி அஸ்தியைக் கரைத்ததும், அந்த இடத்தைக் கைப்பேசியில் புள்ளியாகக் குறித்துக்கொண்டாள். நாங்களெல்லாம் அழுதுகொண்டிருக்க, இவள் சிக்னல் வருகிறதா என்று பார்த்தாள். எனக்குக் கோபம்தான் வந்தது.

படகு அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. அதனால் திதியெல்லாம் கோயிலோடு சரி. இந்த வருடம் தேசிய சேவையை, கட்டாய ராணுவப் பணியை, முடித்துவிட்டு வந்த மகன் அர்ஜுன், அதே இடத்தில்தான் அப்பாவுக்குப் பூப்போட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். அஸ்தி கரைத்த அன்று அவனுக்கு அம்மை போட்டிருந்தது, படகில் ஏற்றவில்லை. அந்தக் குறை அவனுக்கு.

படகுக்காரரிடம் சொல்வதற்காகப் புள்ளியை எடுத்துப் புதிய படத்தின்மேல் வைத்தாள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. புள்ளி பழுப்பு நிறத்தில் போய் விழுந்தது. பழுப்பு என்றால் தரை.

"அக்கா, படம் நகர்ந்திருக்கா பாருங்க."

நகரவில்லை. நீர் வற்றிய நேரத்தில் எடுத்ததோ என்று பார்த்தோம். நன்றாக ஏறியிருந்த நேரம். கைப்பேசி பொய் சொல்லியிருக்குமோ என்றாள். கொஞ்சம் பிசகலாம்தான், ஆனால் பழுப்பு நாலா பக்கமும் பரந்து கிடந்தது.

"கடல்லதானேக்கா கரைச்சோம்? நீங்களும் இருந்தீங்கல்ல?"

எனக்கே ஒரு நொடி சந்தேகம் வந்துவிட்டது.

பிறகு பழைய படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். மணல் கொட்டிக் கடலைத் தூர்த்த வருடம் தெரிந்தது. அந்த வருடத்து வரைபடமும் எங்கள் குழு செய்ததுதான். கிழக்குப் பகுதி நிரஞ்சனாவுடையது. நீலத்தை அழித்து அந்தப் பழுப்பை அடித்தவளே அவள்தான். எத்தனையோ கட்டங்களில் அதுவும் ஒன்று. யாருக்கு நினைவிருக்கும்?

"இப்ப அவரு எங்கக்கா இருக்காரு? தண்ணியோட போயிருப்பாரா, மண்ணுக்கு அடியிலயா?"

"கோயில்லயே செஞ்சிடு லா," என்றேன். அவள் காதில் வாங்காமல் படத்தைப் பெரிதாக்கினாள்.

மாலையில் அர்ஜுன் அழைத்தான். ஸ்பீக்கரில் போட்டாள்.

"மா, போட் எத்தன மணிக்கு புக் பண்ணட்டும்?"

திரையில் மணலைச் சுற்றி வேலி, உள்ளே லாரிகள், ஓரத்தில் சாலை.

"போட் வேணாம்டா. பஸ்லயே போயிடலாம். வேலிகிட்ட நின்னு பூப்போடலாம்."

"பஸ்லயா? அப்பாவ கடல்லதானே மா கரைச்சீங்க?"

"ஆமாம்டா, கடல்லதான்," என்றவள், அவள் அடித்த பழுப்பைப் பற்றி நான் ஏதாவது சொல்வேனா என்று என்னைப் பார்த்தாள்.