சிவப்பு ரெக்சின் பெஞ்ச்

எங்கள் வீட்டுக்கு எது வாங்குவதென்றாலும் அப்பா தனியாகப் போய்த் தனியாக வருவார். தீபாவளிக்கு எனக்குச் சட்டை எடுக்கும்போதுகூட என்னைக் கூட்டிக்கொண்டு போனதில்லை. அதனால் என் தீபாவளிகள் எல்லாம் ஒரு சுற்றுப் பெரிய சட்டையில்தான் விடிந்தன. அப்படிப்பட்டவர், ஜீப்புக்கு சீட் பார்க்க மட்டும் அம்மா, மாமா, நான் என்று குடும்பத்தையே ஹட்டன் டவுனுக்கு அழைத்துப்போனார். நான் அப்போது ஒன்பது வயதுச் சிறுமி. ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. ஹட்டனுக்குப் போகிறோம் என்பதே போதுமாக இருந்தது.

முதலில் ஜீப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இலங்கை மலைநாட்டில், வட்டகொடைக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டத்தில் அப்பா கொழுந்து லொறி ஓட்டினார். தோட்டத்து மேனேஜரான பெரிய துரைக்குப் புது வாகனம் வந்ததும், அவருடைய பழைய ஜீப் அப்பாவின் கைக்கு வந்தது. எந்த மேட்டிலும் ஏறுகிற வண்டி. முன்னால் இருந்த இரண்டு சீட்டும் பரவாயில்லை. பின்பக்கம்தான் பாழ். துரை அந்தப் பக்கத்தைத் தன் நாய்களுக்கு விட்டிருந்தார்; அவை சீட்டுகளை ஆற அமரக் கடித்துத் தின்று முடித்திருந்தன. நாங்கள் வெறுந்தகரத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்து, பள்ளத்துக்குப் பள்ளம் எழும்பி விழுந்தோம். எங்கள் லயத்து வீட்டு வரிசைப் பிள்ளைகள் அதற்கு 'நாய் ஜீப்' என்று பேர் வைத்துவிட்டார்கள். அந்தப் பேரைத் துடைத்தெறிய நல்ல சீட் வேண்டும் என்பதுதான் அன்றைக்கு என் வாழ்க்கையின் ஒரே கவலை.

பெரியவர்களின் கவலை வேறு. அது அக்கா. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். கொழும்பில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போனவள், கூட வேலை செய்தவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, அதன்பிறகுதான் போன் பண்ணிச் சொன்னாள். "இனிமே அவ காலு இந்த வாசப்படியில படக்கூடாது" என்று அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அன்று அவர் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வருடம் அக்காவின் பேரை வீட்டில் யாரும் எடுக்கவில்லை. அம்மா மட்டும் பின்னேரங்களில் போனை எடுத்துக்கொண்டு, சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு, தேயிலைக்குள் ஏறிப்போவாள். அவள் ஏறுவதைக் கண்டால் அப்பா உடனே வாளியை எடுத்துக்கொண்டு ஜீப்பைக் கழுவப் போய்விடுவார். அந்த நாட்களில் எங்கள் ஜீப் மிகவும் சுத்தமாக இருந்தது.

அக்காவுக்கு இடது முழங்கால் மடங்காது. சின்ன வயதில் விழுந்துவிட்டாள் என்று சொல்வார்கள், அதற்குமேல் சொன்னதில்லை. பஸ்ஸில் உட்கார்ந்தால் அந்தக் காலை நடைவழியில்தான் நீட்ட வேண்டும். வருகிறவன் போகிறவன் எல்லாம் தடுக்கி விழுந்து ஏசுவான். அதனால் எவ்வளவு தூரமானாலும் அவள் நின்றுகொண்டே போவாள். ரயிலில் வட்டகொடை வரை வந்துவிடலாம். அங்கிருந்து எங்கள் லயத்துக்கு ஏறுகிற பாதையில் அந்தக் காலோடு நடக்க முடியாது.

ஹட்டனில் மாமா கூட்டிப்போன இடம், உடைத்த வண்டிகளின் சாமான் விற்கும் ஒரு தகரக் கொட்டகை. அங்கேதான் அந்த சிவப்பு சீட்டுகளைப் பார்த்தேன். ஏதோ சொகுசு வேனிலிருந்து கழற்றியவை. உயரமான முதுகு, தலை சாய்க்க மெத்தை, எல்லாம் முன்பக்கம் பார்த்தவை. நான் ஓடிப்போய் ஏறி உட்கார்ந்தேன். எழும்புகிற எண்ணமே இல்லை.

"ஹொந்த சீட், நல்ல சீட்!" என்று கடை முதலாளி தட்டிக் காட்டினார். கிளம்பிய தூசியில் அவருக்கே இருமல் வந்தது.

மாமா விடவில்லை. "மச்சான், இதப் போட்டா சிவனொளிபாத மலை சீசனுக்கு நல்லதண்ணி வரைக்கும் ஆள் ஏத்தி ஹயர் ஓடலாம். ஸ்டேஷன்ல எறங்குற ஆளுங்க பாத்தோன ஏறிருவாங்க."

அப்பா பையிலிருந்து ஒரு கயிற்றை எடுத்தார். ஜீப்பின் பின்பக்கத்தை அதில் அளந்து முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். அந்த அளவுக்குள் சீட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தரையில் வைக்கச் சொன்னார். பிறகு பின்சீட்டில் உட்கார்ந்து இடது காலை விறைப்பாக நீட்டினார். கால் முன்சீட்டில் போய் முட்டியது. சீட்டைத் தள்ளிவைத்து மறுபடி நீட்டினார். மறுபடியும் முட்டியது. முதலாளி அவரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிவிட்டார்.

"இங்க வா. ஒக்காந்து பாரு" என்று அம்மாவைக் கூப்பிட்டார் அப்பா.

அம்மா உட்கார்ந்தாள். எந்தக் காலை என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. இடது காலைத்தான் நீட்டினாள். நீட்டியபடியே அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். அப்பா கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு மட்டும் வாய் சும்மா இருக்கவில்லை. "ஏம்ப்பா, எல்லாருக்கும் காலு மரத்துப் போச்சா?"

"ஆமா பாப்பா" என்றார் அப்பா.

கொட்டகையின் மூலையில் பழைய சாமான்களுக்கு அடியில் ஒரு நீள பெஞ்ச் கிடந்தது. வண்டியின் ஓரமாக, நீளவாக்கில் பொருத்துகிற சாதி. ரெக்சின் கிழிந்து உள்ளே இருந்த நார் வெளியே தொங்கியது. அப்பா அதை இழுத்துப் போட்டு, ஒரு முனையில் முதுகைச் சாய்த்து, பெஞ்சின் நீளத்துக்குக் காலை நீட்டினார். எதிலும் முட்டவில்லை.

"இது போதும்" என்றார்.

"மச்சான், இதுல சீசன் ஆளு ஒருத்தரும் ஏற மாட்டாங்க."

"மூட்ட ஏத்தலாம்."

நான் அழ ஆரம்பித்தேன். சிவப்பு சீட்டிலிருந்து என்னைத் தூக்கத்தான் வேண்டியிருந்தது. வீடு வரும்வரை அழுதேன். என் கண்ணீருக்கு அந்த வீட்டில் யாரும் இரங்கவில்லை என்ற மனக்குறை எனக்கு நீண்ட நாள் இருந்தது.

இரங்காமல் இல்லை. பெஞ்சுக்குப் புது ரெக்சின் போட எடுத்துப்போகும்போது, "என்னா கலர் வேணும் பாப்பா?" என்று அப்பா கேட்டார். கோபத்தில் "ஒண்ணும் வேணாம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பெஞ்ச் சிவப்பாகத் திரும்பி வந்தது. ஒரு முனையில் மட்டும் மெத்தை இரண்டு மடங்காக இருந்தது. கூடவே, ஏறுவதற்கு மிதிப்படியாக ஒரு மரப்பெட்டியும் செய்து கொண்டுவந்திருந்தார். துள்ளி ஏறுகிற எனக்கு எதற்குப் பெட்டி? அதையும் நான் குறையாகவே எடுத்துக்கொண்டேன்.

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும். காலையில் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, யாருக்கோ சொல்வதுபோல அப்பா சொன்னார்: "பின்னுக்கு சீட்டு போட்டாச்சு. ஸ்டேஷன்ல இருந்து யாரயாச்சும் கூட்டிட்டு வரணும்னா சொல்லு."

அம்மாவின் கையிலிருந்த ரொட்டி அடுப்புக்குள் விழுந்தது. அதை எடுக்காமல், போனை எடுத்துக்கொண்டு தேயிலைக்குள் ஓடினாள். அம்மா ஓடி நான் பார்த்தது அன்றுதான். அப்பா அன்று ஜீப்பைக் கழுவப் போகவில்லை. வாசலில் நின்று அவள் ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வட்டகொடை ஸ்டேஷனில் அக்கா இறங்கியபோது, பின்னால் இரண்டு பையோடு அத்தான் நின்றார். அப்பாவைக் கண்டதும் அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. அப்பா பின்கதவைத் திறந்து, மரப்பெட்டியைக் கீழே வைத்து, அது ஆடுகிறதா என்று காலால் மிதித்துப் பார்த்தார். அக்கா ஏறி, மெத்தை தடித்த முனையில் சாய்ந்து காலை நீட்டினாள். அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. பிறகுதான் அப்பா அத்தானிடம் திரும்பினார்.

"மாப்ள, நீங்க முன்னால வாங்க."

அம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு ஜீப்பின் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்குப் பெஞ்சின் கடைசியில், அக்காவின் பாதத்துக்குப் பக்கத்தில் ஒரு சாண் இடம் கிடைத்தது. பாதம் என் மடியில் இருந்தது.

அப்பா வண்டியை எடுத்தார். எடுத்தாரே தவிர, அது ஓடவில்லை, உருண்டது. கொழுந்து ஏற்றிய ட்ராக்டர் எங்களை முந்தியது. தலையில் விறகோடு போன இரண்டு பெண்கள் முந்தினார்கள். ஒவ்வொரு வளைவிலும் அப்பா வண்டியை ஏறக்குறைய நிறுத்திவிட்டு, கண்ணாடியில் பின்னால் பார்த்துவிட்டே திருப்பினார்.

"அப்பா, நான் விழ மாட்டேன். ஓட்டுங்கப்பா" என்றாள் அக்கா. சிரித்தபடிதான் சொன்னாள். கண் நிறைந்திருந்தது.

அப்பா வேகம் கூட்டவில்லை.

அக்கா எட்டு வயதில் எங்கிருந்து விழுந்தாள் என்பதை, நான் வளர்ந்து வேலைக்குப் போன பிறகுதான் அம்மா சொன்னாள். கொழுந்து லொறியின் பின்னால், உட்கார இடமில்லாமல், மூட்டைகளுக்கு நடுவில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். ஒரு வளைவில் கை நழுவிவிட்டது. மேல்மலையில் கொழுந்து பறித்த பெண்கள் கத்திய பிறகுதான் லொறி நின்றதாம். ஓட்டியவர் அப்பா.

அதெல்லாம் அன்று எனக்குத் தெரியாது. "ஏம்ப்பா இப்புடி உருட்டுறீங்க?" என்று பின்னாலிருந்து கத்தினேன். "வண்டி பழசும்மா" என்றார். அதை நம்பினேன். 'நாய் ஜீப்' என்ற பேர் போய், இனி என்ன பேர் வைக்கப் போகிறார்களோ என்று மனம் கசந்து, அக்காவின் பாதத்தை மடியிலிருந்து மெல்லத் தள்ளி வைத்தேன். கண்ணாடியில் அப்பா பார்த்துவிட்டு, வண்டியை இன்னும் மெதுவாக்கினார்.