கால் நனையக் கூடாத டைவர்

காலாப்பட்டில் டவுனுக்குப் போகும் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். ஃபிலோமினா அண்ணியிடமிருந்து போன் வந்தது. "மணி, உங்க அண்ணன் போயிட்டாரு" என்றார். பிறகு அவரே, "பஸ்ஸுல வராதீங்க, லேட்டாவும். ஆட்டோ புடிச்சு வந்துடுங்க" என்றார். போனவர் போய்விட்டார், இனி எதற்கு அவசரம் என்று நினைத்துக்கொண்டே ஆட்டோவில் ஏறினேன். டவுன் வரும்வரை அந்த ஆட்டோக்காரர் வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்.

அந்துவான் அண்ணனைப் பற்றி சர்ச்சின் பங்கு இதழுக்கு எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். இப்படி எழுதும்போது, இறந்தவருக்குக் கோபமே வராது என்று எழுதுவது வழக்கம். அண்ணனுக்கு நன்றாகவே கோபம் வரும். தண்ணீருக்கடியில் அவருக்குக் காற்று அனுப்பும் எங்கள் கம்ப்ரசருக்குப் பக்கத்தில் லாரியை நிறுத்திப் புகை விட்டால், தண்ணீரிலிருந்து மேலே வந்து, ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல் டிரைவரைத் திட்டுவார். கண்ணாடிக்குப் பின்னால் வாய் மட்டும் அசையும். ஒரு வார்த்தையும் வெளியே கேட்காது. கழற்றும்போது கோபம் தீர்ந்திருக்கும். அந்த டிரைவரிடமே டீ வாங்கிக் குடிப்பார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அண்ணன் என்று கூப்பிட்டாலும் கூடப்பிறந்தவர் அல்ல. அவர் டைவர், தண்ணீருக்குள் இறங்கி வேலை செய்பவர். நான் கரையில் நின்று அவருக்குக் காற்று அனுப்பி, கயிறு பிடிப்பவன். தொடக்கத்தில் கடல் வேலைதான். படகின் விசிறியில் சிக்கிய வலையை அறுப்பது, அறுந்த நங்கூரத்தைத் தேடுவது என்று போய்க்கொண்டிருந்தது. அதற்கு ஒரு டவுசர் போதும். பிறகு எங்கள் காண்டிராக்டர் ஆலைகளின் கழிவுநீர்த் தொட்டிகளில் வேலை எடுக்க ஆரம்பித்தார். அடைத்துக்கொண்ட கதவைத் திறக்க வேண்டும், விழுந்த பம்பை மேலே கட்டி அனுப்ப வேண்டும். அந்தத் தண்ணீர் ஒரு நாள் கறுப்பாக இருக்கும், ஒரு நாள் ஊதாவாக இருக்கும். எது கலந்திருக்கிறது என்று கேட்டால் ஆலைக்காரர்கள் வேறு பக்கம் பார்ப்பார்கள்.

அப்போதுதான் டிரை சூட் வந்தது. உடம்பில் சொட்டுத் தண்ணீர் படாமல் கழுத்து முதல் பாதம் வரை மூடும் உடை. பிரெஞ்சுப் படையில் இருந்து பென்ஷனில் வந்த அண்ணனின் பெரியப்பா மகன், சிப்பாய் என்ற பொருளில் நாங்கள் 'சொல்தா' என்று அழைப்பவர், அங்கே யாரோ போட்டுக் கழித்ததை வாங்கி வந்து கொடுத்தார். நெட்டை வெள்ளைக்காரனுக்குத் தைத்தது. அண்ணன் போட்டுப் பார்த்துவிட்டு, "மணி, உள்ள இன்னொரு ஆளுக்கு எடம் இருக்கு. நீயும் வந்துடு" என்றார். சிரித்தோம். ஆனால் தொல்லை அந்த நீளத்தில்தான் இருந்தது. மிச்சத் துணி கணுக்காலில் மடிந்து மடிந்து, அங்கே தையல் மேல் ஒட்டியிருந்த பட்டை வெடித்தது.

அந்தச் சமயத்தில்தான் அண்ணனுக்குச் சுகர் இருப்பது தெரிந்தது. காலில் உணர்ச்சி குறைந்துவிட்டது, சின்னப் புண் வந்தாலும் ஆறாது, அழுக்குத் தண்ணீரில் கால் நனையவே கூடாது என்று டாக்டர் சொல்லியனுப்பினார். அண்ணன் அதை எங்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "டைவர் கால் நனையக் கூடாதாம். பாதிரியார் கோயிலுக்குப் போகக் கூடாதுன்னு சொல்ற மாதிரி இருக்கு."

வேறு வேலை பார்க்காமலா இருந்தார்? ரெட்டியார்பாளையத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேனாகப் போனார். நாளெல்லாம் நின்றதில் கால் வீங்கிவிட்டது. திரும்பி வந்தவர், "நிக்கிறதுக்கும் ஆவல, நனையறதுக்கும் ஆவல. இந்தக் கால வெச்சுக்கிட்டு நான் இன்னாதான் பண்றது?" என்று கேட்டார். புது சூட் கேட்டால் காண்டிராக்டர், அடுத்த வேலை முடியட்டும் என்பார். அடுத்த வேலை முடியும், இன்னொரு அடுத்த வேலை வரும்.

ஆகவே அண்ணன் தாமே பழுதுபார்க்க உட்கார்ந்தார். அந்தக் காட்சியை நான் மறக்க மாட்டேன். காற்று வெளியே போகாதபடி சூட்டின் கழுத்தில் எவர்சில்வர் குடத்தைச் செருகிக் கட்டினார். சூட்டின் கை முனைகள் இரண்டிலும் காலி பீர் பாட்டில்களைச் செருகினார். குடிக்காத மனிதர், அந்தப் பாட்டில்களுக்காகத் தெருவெல்லாம் கேட்டு அலைந்தார். பிறகு சைக்கிள் பம்பால் காற்றடித்தார். கறுப்பாக ஓர் ஆள் கூடத்தில் உப்பிப் படுத்திருந்தார். சர்க்கரை வாங்க வந்த எதிர்வீட்டம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "அய்யோ, யாரு இது, எப்ப ஆச்சு?" என்று அலறினார். அண்ணி அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

அண்ணன் ஷேவிங் பிரஷ்ஷால் சோப்புத் தண்ணீரைத் தையல் தையலாகத் தடவினார். வலது கணுக்காலில் குமிழி கிளம்பியது. சாக்பீஸால் வட்டம் போட்டார். காற்றை இறக்கி, சூட்டின் காலை உட்புறம் வெளியே வரத் திருப்பி, துணியால் துடைத்து, பசை தடவி, காயவிட்டு, மறுபடி தடவி, ரப்பர் பட்டையை ஒட்டி, மேலே அம்மிக்கல்லை வைத்தார். மறுநாள் மீண்டும் காற்றடித்தார். ஒரு குமிழிகூட இல்லை. "பாத்தியா? வெள்ளக்காரன் தைச்சது போச்சு, புதுச்சேரிக்காரன் ஒட்டினது நிக்குது!" என்றார்.

தொட்டியில் இறங்கினார். வேலை முடிந்து மேலே வந்து, ஏணியில் வலது காலைத் தூக்கி வைக்கும்போது உள்ளே சளக்கென்றது. "எப்போ வந்துச்சுண்ணே?" என்று கேட்டேன். "எறங்கின கொஞ்ச நேரத்துலயே" என்றார். "அப்பவே மேல வர வேண்டியதுதானே?" என்றேன். "வந்தா மட்டும்? நாளைக்கு மறுபடியும் எறங்கணும். நனைஞ்சது நனைஞ்சுட்டது, முடிச்சுட்டு வந்தேன்" என்றார். குழாயடியில் உட்கார்ந்து அந்தக் காலை அவர் கழுவியபோது, விரல் இடுக்குகளில் ஊதா நிறம் போகவே இல்லை.

அதற்குப் பிறகு ஒட்டுவதும் இறங்குவதும் நனைவதுமாகவே போயிற்று. வீட்டில் காற்றடித்தால் பிடித்துக்கொள்ளும், தொட்டியில் விட்டுவிடும். உள்ளே ஒட்டிய பட்டையை உள்ளே அடிக்கும் காற்று துணியோடு சேர்த்து அழுத்தும், தண்ணீரோ வெளியிலிருந்து தள்ளிப் பெயர்த்துவிடும் என்று பின்னால்தான் எங்களுக்கு உறைத்தது. சைக்கிள் டியூப் ஒட்டிப் பழகிய கைகள். பசையை மாற்றினார், பட்டையை மாற்றினார், வெயிலில் காயவைத்தார். மழைக்காலத்தில் அதைக் காயவைக்க அண்ணி அயர்ன் பாக்ஸை எடுத்து வந்தார். புண் வந்தது. அண்ணனுக்கு வலிக்கவில்லை. வலித்திருந்தால் இறங்குவதை நிறுத்தியிருப்பாரோ என்று இப்போது நினைக்கிறேன். நிறுத்தியிருக்க மாட்டார்.

பெரிய ஆஸ்பத்திரியில் முதலில் கால் விரல்களை எடுத்தார்கள். அண்ணன் என்னைப் பார்த்ததும், "அந்த சூட்ட எடுத்துட்டு வா. ஏன் ஒட்டலன்னு பாக்கணும்" என்றார். பையில் சுருட்டிக்கொண்டு போனேன். கட்டிலில் சாய்ந்தபடி கணுக்காலைத் திருப்பி, பட்டையை நகத்தால் நெம்பினார். சத்தமில்லாமல் முழுசாக உரிந்து வந்தது. அதன் பின்பக்கத்தை விரலால் தேய்த்து, முகர்ந்து பார்த்தார். வெள்ளையாக இருந்தது. முகப் பவுடர் வாசனை.

கால் ஈரமில்லாமல் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து, ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் அண்ணி அந்த சூட்டைத் துடைத்து, உலர்த்தி, பாதத்துக்குள் பவுடரைத் தாராளமாகக் கொட்டித் தடவி வைப்பார். புருஷனின் காலுக்காகச் செய்தது. அது தையல் துளைகளிலெல்லாம் இறங்கியிருந்தது. துணியால் துடைத்தால் போகாது. அண்ணன் ஒட்டிய பசை ஒவ்வொரு முறையும் பவுடரின் மேல்தான் ஒட்டியிருக்கிறது.

அண்ணி பிளாஸ்க்கோடு உள்ளே வந்தார். அண்ணன் பட்டையைச் சட்டென்று மடித்து என் கையில் திணித்தார். "பசை பழசு, ஃபிலோ. கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்றார். அங்கே இல்லாத கடைக்காரனை அண்ணியின் முன்னால் வெகுநேரம் திட்டினார். அவர் திட்டிக் கேட்டது அதுதான் கடைசி. பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அதன் பிறகும் விஷம் ரத்தத்தில் ஏறிக்கொண்டேதான் இருந்தது.

அடக்கத்தன்று பெட்டியில் வைக்க ஷூ கேட்டார்கள். அண்ணி இரண்டையும் எடுத்து வந்து, ஒன்றைத் திரும்ப உள்ளே கொண்டுபோய் வைத்தார். கல்லறையிலிருந்து திரும்பியதும் காண்டிராக்டரின் ஆள் வாசலில் நின்றிருந்தார். வேலை பாதியில் நிற்கிறதாம், புது டைவர் வந்திருக்கிறாராம், சூட் கிடைக்குமா என்று கேட்டார். நான் அவரை அடிக்கப் போனேன். அண்ணி தடுத்து, "குடுக்கலன்னா அந்தப் புள்ள இன்னா போட்டுக்கிட்டு எறங்கும்?" என்று கேட்டார். "டவுசரோடதான்" என்றார் வந்தவர்.

அண்ணி சூட்டை எடுத்துக் குழாயடியில் போட்டு, காலைத் திருப்பி, சோப்புப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தார். என்னைப் பார்க்காமலே பேசினார். "ஆஸ்பத்திரில அவரு கடக்காரனத் திட்டினாரே, அப்பவே எனக்குத் தெரியும் மணி. வாசனை வந்துச்சு. எனக்குத் தெரிஞ்சுட்டதுன்னு அவருகிட்ட சொல்லல. அவரு அவ்ளோ கஷ்டப்பட்டுப் பொய் சொல்றாரு." பிறகு, "நீங்க எழுதறப்ப இதையும் எழுதுங்க. பவுடர் போட்டா ஒட்டாதுன்னு எழுதுங்க. வேற எந்த வீட்டுலயாவது என்னை மாதிரி ஒருத்தி போட்டுக்கிட்டு இருப்பா" என்றார். தண்ணீர் வெள்ளையாக ஓடி, பிறகு தெளிவாக ஓடியது. அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

எழுதிவிட்டேன் அண்ணி.

அந்துவான் அண்ணே, போய் வாருங்கள். சோப்புப் போட்டுக் கழுவி, வெளிப்பக்கமும் பட்டை வைத்து நானே ஒட்டியிருக்கிறேன். கணுக்கால் பிடித்துக்கொண்டது. இப்போது முழங்காலில் குமிழி வருகிறது. அதை ஒட்டினால் இடுப்பில் வரும். துணியே செத்துவிட்டது. நாளை அந்தப் புதுப் பையன் இறங்குகிறான். கயிறு பிடிக்கப் போவது நான்தான். "தம்பி, இது ஒழுகும்" என்று அவனிடம் சொன்னேன். "தெரியும்ண்ணே" என்று சொல்லிவிட்டுக் காலை உள்ளே விட்டு அளவு பார்த்தான்.