கீழே கடை, மேலே வீடு, நடுவில் நான்

கதவைத் தட்டிக் கையெழுத்துக் கேட்கும் தொழிலில், செருப்புக்கு முன்னால் சிரிப்பு தேய்ந்துவிடும். இன்ஷூரன்ஸ் ஏஜென்டுகள், சீட்டுக்கு ஆள் பிடிப்பவர்கள், தவணைக்குப் புடவை விற்பவர்கள் எல்லோரும் எனக்குப் பங்காளிகள். உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

எனக்கு ஊர் பாலசமுத்திரம். சித்தூரில் மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் இருந்தேன். சீசன் முடிந்தால் வேலையும் முடிந்துவிடும். அதனால் திருப்பதிக்குப் போய் ஒரு பில்டரிடம் ஒட்டிக்கொண்டேன். ஊருக்கு வெளியே ஒரு காலனி. அதன் ஓரத்துக் காலி இடத்தில் அவர் ஐந்து மாடி கட்டப்போகிறார். கீழே கடைகள், மேலே வீடுகள். அக்கம்பக்கத்தார் ஆட்சேபித்தால் நகராட்சி அனுமதி இழுத்துக்கொண்டே போகும். ஆகவே ‘எங்களுக்குச் சம்மதம்’ என்று வீடு வீடாகக் கையெழுத்து வாங்குவது என் பொறுப்பு. பாதி காலனிக்கு மேல் வாங்கிவிட்டால் என்னை நிரந்தரமாக்குவதாக முதலாளி சொல்லியிருந்தார். நிரந்தரமானால், சித்தூரில் மாமியார் வீட்டில் கிடக்கும் மனைவியையும் மகளையும் அழைத்து வந்துவிடலாம்.

முதல் வரி

முதல் வாரம் எல்லோரும் காபி கொடுத்தார்கள். “நல்ல விஷயம்தான்” என்றார்கள். தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்கள். வேறு பெயர் எதுவும் இல்லை என்று தெரிந்ததும் பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தார்கள். வெறும் தாளில் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட யாருக்கும் தைரியம் வரவில்லை.

ரிடையரான தாசில்தார் ஒருவர் இருந்தார். வேலையில் இருந்த காலத்தில் எத்தனை ஆயிரம் கையெழுத்துப் போட்டிருப்பார்! அவரே தாளை விரல் நுனியால் தள்ளிவிட்டு, முதல் கையெழுத்து யாருடையது என்று தெலுங்கு கலந்த தமிழில் கேட்டார்: “முந்து எவரு சந்தகம் பெட்டாரு, அத சொல்லு. அப்புறம் நான் போட்றேன்.”

மடப்பள்ளி சாமி

என்னைக் காப்பாற்றியவர் மூன்றாவது தெருப் பெரியவர். மலைமேல் கோயில் மடப்பள்ளியில் பெருமாளுக்குத் தளிகை பண்ணி ஓய்வு பெற்றவர். முட்டி இரண்டும் போய்விட்டதால் மலைக்குப் போவது நின்றுவிட்டது. காலனி முழுக்க அவரைச் சாமி என்றுதான் கூப்பிடும். தாளை இரண்டு தடவை படித்தார். “மருந்துக் கடை வருமா?” என்று கேட்டார். “கட்டாயம் வரும் சாமி” என்றேன். யானை விற்கிற கடை வருமா என்று கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். தொழில் அப்படி.

முதல் வரியில் அவர் பெயர் விழுந்ததும் காலனியே பின்னால் வந்தது. தாசில்தார் என் அறையைத் தேடி வந்து போட்டுவிட்டுப் போனார். சாமி கையெழுத்திட்டபோது, உள்ளேயிருந்து மாமி, “ஏன்னா, சரியாப் படிச்சேளா?” என்று குரல் கொடுத்தார். அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: “எல்லாம் படிச்சாச்சு. பேனா நன்னா எழுதறதே, எங்க வாங்கினே?”

அமெரிக்காவின் சம்மதம்

கடைசித் தெருவில் ஒரு அம்மா. மகன் அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை. அவனைக் கேட்காமல் அந்த வீட்டில் ஜன்னல்கூடத் திறக்காது. ஞாயிற்றுக்கிழமைதான் போன் வரும். மூன்று ஞாயிறு நானும் போன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது வாரம் சம்மதம் வந்தது. தனக்கும் ஒரு வீடு எடுத்து வைக்கச் சொல்லிவிட்டான். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த அம்மா ரிசீவரை என் கையில் திணித்தார்: “வாங்கறேன்றான், வந்து இருப்பானான்னு நீ கேளுப்பா. நான் கேட்டா கோச்சிக்கிறான்.”

பட்டியலில் இல்லாதவள்

காலனிக்குப் பின்னால் குடிசைகள். அங்கிருந்து வீட்டு வேலைக்கு வரும் கன்னியம்மா எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரி. ஒருநாள் வழிமறித்து, தன்னிடம் ஏன் கேட்கவில்லை என்றாள். சொந்த வீட்டுக்காரர்கள் மட்டும்தான் போட வேண்டும் என்றேன். எனக்கே அசிங்கமாக இருந்தது. அவள் கோபப்படவில்லை. “அவங்களுக்கின்னா, வண்டில போய்க்கினு வந்துக்கினு இருப்பாங்க. உப்பு வாங்க ரெண்டு மைலு நடக்கறது நாங்க, நைனா.”

வண்ணப் படம்

இதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு முதலாளி வழவழ தாளில் விளம்பரம் அடித்தார். பெருமையோடு அதை வீட்டுக்கு வீடு கொடுத்தவன் நானே. அதில் பெரிய எழுத்தில், ‘உங்கள் பால்கனியிலிருந்தே ஏழுமலை தரிசனம்.’

திருப்பதியில் இருப்பவர்களுக்குத் தெரியும்: குளித்ததும் மொட்டை மாடிக்குப் போய் மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டால்தான் நாள் தொடங்கும். ஐந்து மாடி வந்தால் மலை மறையும் என்பது அதுவரை யாருக்கும் உறைக்கவில்லை. சத்தியமாக எனக்கும் உறைக்கவில்லை. மத்தியானத்துக்குள் பெயரை அடிக்கச் சொல்லி என் அறை வாசலில் வரிசை நின்றது. வரிசையில் முதல் ஆள் தாசில்தார்: “வாங்கறவனுக்கு மலை, சந்தகம் பெட்டினவனுக்கு செவுரா? என் பேரு கொட்டேய்!”

கூட்டம்

மனைவியிடம் சொல்லலாம் என்று எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவள், “பாத்திரமெல்லாம் மூட்ட கட்டிட்டு குந்திக்கினு கீறேன், எப்ப வரட்டும்?” என்றாள். மழை உண்டா என்று விசாரித்துவிட்டு வைத்துவிட்டேன்.

பிறர் சொல்லித் தெரிவதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும் என்று சாமி வீட்டுக்கு ஓடினேன். “மலை மறைஞ்சிடும் சாமி. உங்க பேர அடிச்சிடறேன்” என்றேன். “அஞ்சு மாடின்னு எழுதியிருந்ததே. எண்ணத் தெரியாதா எனக்கு?” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளையார் கோயிலில் காலனிக் கூட்டம். ஆளாளுக்குக் கத்தினார்கள். சாமி ஆட்டோ பிடித்து வந்து, நாற்காலியில் உட்கார்ந்தபடியே பேசினார். அதன்பின் பாதிக்கு மேற்பட்ட பெயர்கள் தாளுக்குத் திரும்பி வந்தன. அவர் சொன்னது இவ்வளவுதான்: “பெருமாள் செவுத்துக்குப் பின்னாடியும் இருப்பார். ஆத்துக்காரிக்குத் திடீர்னு மூச்சு இழுத்தா, இந்த முட்டியை வெச்சுண்டு மாத்திரைக்கு நான் எங்க ஓடறது?”

கட்டடம் எழுந்தது, நானும் நிரந்தரமானேன், மனைவியும் மகளும் வந்து சேர்ந்தார்கள், மருந்துக் கடைக்கென்று காட்டிய இடத்தை மட்டும் கூடுதல் அட்வான்ஸ் கொடுத்து ஒரு செல்போன் கடைக்காரர் எடுத்துக்கொண்டுவிட்டதால், மாமி இருந்தவரை டவுனிலிருந்து மாத்திரை வாங்கிவந்த அந்த மருந்துக் கடை நான்தான்.