மிஸ்ஸுக்கு வைத்த இறைச்சிக்கறி

கடற்பசுவை எங்கள் பக்கத்து மீன்பிடிகாரர்கள் ஆவுளியா என்பார்கள். சிங்கள ஊர்களில் அதற்குக் கடற்பன்றி என்று பெயர். எங்களூரில் அந்தப் பெயர் ஒருவர் வாயிலும் வராது. வந்தால் பிறகு எப்படிச் சாப்பிடுவதாம்? வெட்டிச் சட்டிக்குள் போட்டுவிட்டால் அதற்கு ஒரே பெயர்தான், மாடு.

சண்டை முடிந்து கடல் திறந்துவிடப்பட்ட காலம் அது. மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்த எங்கள் குடும்பம் புத்தளத்துக் கரையில் ஒருவாறு காலூன்றியிருந்தது. நான் அங்கேயே பிறந்தவள், மதரசாவுக்குப் போய்வரும் வயது. அப்போதுதான் மட்டக்களப்பிலிருந்து ஒரு மிஸ் வந்து சேர்ந்தார். கடலுக்கு அடியில் புல் எங்கெங்கே முளைத்திருக்கிறது, அதை மேய என்ன வருகிறது என்று பார்ப்பது அவருடைய உத்தியோகம். ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. படித்த பெண்ணுக்குப் புல் பார்க்கவா சம்பளம்!

வாப்பாவின் தம்பி, என் சாச்சா, அவருக்குப் போட் ஓட்டப் போனார். அதற்குப் பிறகு சாச்சாவைப் பிடிக்க முடியவில்லை. செம்மஞ்சள் மிதவை அங்கியைக் கழற்றாமலே கடைக்குப் போவார், தேத்தண்ணி குடிப்பார். வாயைத் திறந்தால் ஆவுளியாவின் கதைதான். ஒரு தாயும் குட்டியும் எங்கள் கரைக்கு நேரே புல்லில் மேய வருவதை அவர்தான் முதலில் கண்டு மிஸ்ஸுக்குக் காட்டினாராம். அந்த இரண்டும் அங்கே தங்கிவிட்டால், அந்தத் துண்டுக் கடலில் மட்டும் அடிவலை போடாமல் விடும்படி மீன்பிடிகாரர்களைக் கேட்கலாம் என்று மிஸ் நம்பியிருந்தார். அதற்காக ஒவ்வொரு வீடாக வந்து கதைத்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். எங்களூரில் தலையாட்டச் செலவில்லை.

ஒரு நாள் விடிகாலை, சுபஹு தொழுகைக்குப் பிறகு வாப்பா கடலிலிருந்து வந்தார். முகம் செத்துப்போயிருந்தது. குசினியில் உம்மாவிடம் மெல்லிய குரலில் சொன்னதைப் பாயில் படுத்தபடி கேட்டேன்.

"திருக்கை வலையில ஆவுளியா பட்டுட்டு. வலையத் தூக்கக்குள்ளயே உசிர் இல்ல, மௌத்து. நான் வேணுமெண்டு செஞ்சனா? குட்டி எங்கட போட்டோட ஒட்டிக்கிட்டே கரை வரைக்கும் வந்திச்சு. சவள் துடுப்பால தட்டித் தட்டி விரட்டினன்."

உம்மா "யா அல்லாஹ்" என்றார். பிறகு கத்தியை எடுத்துவரச் சொன்னார்.

ஆவுளியாவைக் கொன்றால் குற்றம், பொலிஸுக்குத் தெரிந்தால் மறியல் வீட்டில் கம்பி எண்ண வேண்டும். அதற்கு எங்களூரில் ஒரு வழி இருந்தது. இறைச்சியை வெட்டி ஒரு வீடு விடாமல் பங்கு அனுப்பிவிட வேண்டும். எல்லா அடுப்பிலும் அதே கறி கொதித்தால் யார் யாரைக் காட்டிக்கொடுப்பது? பங்குகளைத் தட்டால் மூடிக் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். வாப்பா வலைநூல் வாங்கப் போவதாகச் சொல்லி முதல் பஸ்ஸிலேயே புத்தளம் டவுனுக்குப் போய்விட்டார்.

சாச்சாவும் மிஸ்ஸும் முதல் நாளே கற்பிட்டிப் பக்கம் போயிருந்தார்கள். அன்று பகல், ஒன்றும் தெரியாமல், வெயிலில் கருகிப்போய் நேரே எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். பசி. வீடெல்லாம் கறி மணம்.

உம்மா பயந்துதான் போனார். பக்கத்து வீட்டு மாமி பின்வாசலில் நின்று, மீனைப் பொரித்துக் கொடுத்து அனுப்பிவிடும்படி கண்ணாலும் கையாலும் கெஞ்சினார். உம்மா கேட்கவில்லை.

"அடுப்பில இறைச்சிய வெச்சிட்டு வந்த ஆளுக்கு மீனக் குடுக்கிறதா? அந்த வெக்கக்கேடு எங்கட பரம்பரையிலயே இல்ல."

இறைச்சியை ஒளிப்பது உம்மாவுக்குப் பாவமாகத் தெரிந்தது. பொய் சொல்வது அவ்வளவு பாவமாகத் தெரியவில்லை. "மாடு தின்பீங்களா மிஸ்?" என்று மட்டும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

"ஓம் லாத்தா, சாப்பிடுவன்."

வந்தவருக்கு நல்ல துண்டு வைக்க வேண்டும் என்பதும் வழக்கம். நெஞ்செலும்போடு சேர்ந்த பெரிய துண்டாகப் பார்த்துப் பீங்கானில் வைத்தார் உம்மா. மிஸ் ருசித்துத்தான் சாப்பிட்டார். கறி நல்லாயிருக்கிறது என்று சொல்லவும் செய்தார். பிறகு எலும்பைக் கையில் எடுத்தார். மாட்டெலும்பென்றால் வெட்டிய முனையில் துளை துளையாக இருக்கும். இது கல்லைப் போல இறுகி, கனமாக இருந்தது. மிஸ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாச்சாவும் பார்த்தார். அவர் பிசைந்து எடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை.

மிஸ் எழுந்து கை கழுவினார். வெளியே வேலியோரம் போய் வாந்தி எடுத்தார். நான் தண்ணீர்ச் செம்போடு பின்னால் போனேன். அவர் குனிந்து என் தோளைப் பிடித்தார்.

"குட்டி எங்க, மகள்? குட்டியையும் பிடிச்சவங்களா?"

எனக்கு எவ்வளவு சந்தோஷம்! இத்தனை நேரமும் வாயைப் பொத்திக்கொண்டிருந்த பெரியவர்கள் நடுவில், அவருக்குச் சொல்ல என்னிடம் ஒரு நல்ல செய்தி இருந்தது.

"இல்ல மிஸ், குட்டி வலையில படல்ல. வாப்பா விரட்டிவிட்டுட்டார். அது தப்பிச்சிட்டு!"

அவர் சிரிப்பார் என்று பார்த்தேன். மிஸ் மணலில் அப்படியே உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். பெரிய மனுஷி ஒருவர் அப்படிச் சத்தம் போட்டு அழுது நான் கண்டதில்லை. நான் சொன்னது விளங்கவில்லையாக்கும் என்று மறுபடியும் உரத்துச் சொன்னேன். சாச்சா ஓடிவந்து என்னை அதட்டி உள்ளே துரத்தினார்.

மிஸ் ஒருவரிடமும் முறையிடவில்லை. "நல்ல புள்ள, உப்புத் தின்ட வீட்டக் காட்டிக் குடுக்கல்ல" என்று ஊர் மூச்சுவிட்டது. அவரும் சாச்சாவும் அந்தப் பகலிலேயே திரும்பக் கடலுக்குப் போனார்கள். அதற்குப் பிறகும் பல நாள் போய்க் குட்டியைத் தேடினார்கள். வெறும் கையோடு வந்தார்கள். வாப்பாவும் சாச்சாவும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு முகம் பாராமல் திரிந்தார்கள்.

கடைசியாகத் தேடிப்போன நாள், போட்டைக் கரையில் இழுத்துவிட்டுச் சாச்சா அதன் விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தார். எனக்குப் பாவமாக இருந்தது. பக்கத்தில் போய் நின்று ஆறுதல் சொன்னேன்.

"அதுக்கு ஒண்டும் ஆகாது சாச்சா. கடல்ல புல்லு நிறைய இரிக்கிதானே?"

சாச்சா என்னைப் பார்த்தார்.

"ஓம் புள்ள. புல்லு நிறைய இரிக்கி."

அது போதும் எனக்கு. விளையாட ஓடிவிட்டேன். குட்டி குடிக்கும் பால் என்ற ஒன்று எனக்கு நினைவுக்கே வரவில்லை.